கியர் பாக்ஸ் இறக்கும் முன்: பிக்கப் வண்டியின் கிளட்ச் வேலையை எப்படி முடிவு செய்வது

கிளட்ச் பிளேட் இருப்பது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில். பின்சக்கரம் இழுக்கும் பிக்கப் வண்டியில் அதைக் கையால் தொட வேண்டுமென்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் லிங்க் எல்லாவற்றையும் கழற்றி கியர் பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் வண்டி அந்தப் பட்டறையை விட்டு நகராது. அதற்கப்புறம் வேறு மெக்கானிக்கைப் பார்க்க முடியாது. சாமான் விலையை நாலு கடையில் விசாரிக்க நேரம் இருக்காது. "பிளேட் மட்டும் போடுவோமா, செட்டாவே போட்டுடுவோமா?" என்று மெக்கானிக் போனில் கேட்கும்போது வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள். அதனால், இந்த வேலையில் எடுக்க வேண்டிய முடிவுகள் அத்தனையையும் கியர் பாக்ஸ் வண்டியில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பேச்சு முழுவதும்.

பொலேரோ பிக்கப், தோஸ்த், யோதா, குட்டி யானை மாதிரி ஒரு வண்டியை வாங்கி, நெல்லோ தேங்காயோ வாழைத்தாரோ ஏற்றி ஓட்டி, இப்போது முதல் தடவையாகக் கிளட்ச் வேலைக்கு முன்னால் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கோளாறு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. டெல்டா முழுக்கச் சமதரை. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் முதல் ஏற்றத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை லோடோடு போனாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஆகவே முக்கால்வாசி தேய்ந்த கிளட்ச்கூட நன்றாக இருப்பது போலவே ஓடும். நமக்கு வாய்த்த ஏற்றங்கள் மூன்றுதான்: வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு போன்ற ஆறுகளின் கரைமேல் ஏறும் சரிவு, ரயில்வே மேம்பாலம், களத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் மண் மேடு. இந்த மூன்றிலும் வண்டி என்ன செய்கிறது என்பதைக் கவனிக்கும் பழக்கம் இருந்தால் நோய் முற்றும் முன்பே தெரிந்துவிடும்.

கோளாறுகள் நாலு வகை. ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால் வருவது. "கிளட்ச் போச்சு" என்று ஒரே வார்த்தையில் பட்டறையில் போய்ச் சொன்னால் அவர்களும் ஒரே வார்த்தையில் செலவு சொல்வார்கள்.

வழுக்குவது முதல் வகை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இதைச் சோதிக்க, லோடோடு ஆளில்லாத சாலையில் மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று முழு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் மட்டும் பாய்ந்தால் வழுக்குகிறது. இன்னொரு சோதனை: வெட்டவெளியில், முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்தபடி, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடிப்பு இல்லை என்று பொருள். ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், சூட்டில் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

இரண்டாவது, விடாமல் பிடித்துக்கொள்வது. மிதியை முழுவதும் அமுக்கியும் கியர் விழாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் உரசும். இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் சுலபமாக விழும். அப்படியானால் கோளாறு கியர் பாக்ஸில் இல்லை, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இதற்கு வெளியே இருக்கும் காரணங்களே நிறைய உண்டு, கீழே சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரில் பல நாள் நின்ற வண்டியில் பிளேட் துருவேறி, இன்ஜின் பக்கம் சுழலும் கனமான வட்டான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதைக் கியர் பாக்ஸ் இறக்காமலேயே விடுவித்துவிடும் கை பல மெக்கானிக்குகளுக்கு இருக்கிறது. வண்டி பாய்ந்து கிளம்பும் ஆபத்து இருப்பதால் அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, உதறல். முதல் கியரில் கிளம்பும்போது வண்டி முழுக்கத் தடதடவென்று ஆடும். பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் சூடேறி நீலம் பாய்ந்திருக்கலாம், அல்லது வெறும் இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்குக் கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

நாலாவது, சத்தம். நியூட்ரலில் நிறுத்தி, மிதியை அமுக்கினால் சத்தம் வருகிறதா, விட்டால் வருகிறதா என்று கேளுங்கள். அமுக்கும்போது கீச்சென்றோ உறுமலாகவோ வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், அதாவது மிதியை அமுக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கத் தள்ளும் பேரிங். விட்டிருக்கும்போது வந்து, அமுக்கியதும் நின்றுபோனால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அது தனி வேலை, தனிச் செலவு. கியர் பாக்ஸ் இறங்கும்போதே அதையும் பார்த்துவிட வேண்டும் என்பதால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

வெளியே பார்க்க வேண்டியதை முதலில் பாருங்கள்

கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில், பிளேட் தேயத் தேய மிதியின் மேல் பக்கத்தில் இருக்கும் சும்மா ஆட்டம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் ஆட்டமே இல்லாமல் போய் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் மூடி) அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது பிளேட்டில் பிடிப்பு மிச்சம் இருந்தும் வண்டி வழுக்கும். இது கேபிளை அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்துவிடும் கோளாறு. மிதியைக் கையால் அமுக்கிப் பாருங்கள், கொஞ்ச தூரம் எதிர்ப்பு இல்லாமல் இறங்கி அப்புறம்தான் கனக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், எண்ணெய் டப்பாவின் அளவு, மிதிக்கு மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் மூன்றையும் பாருங்கள். ஓட்டுநர் காலடியில் பிசுபிசுப்பு இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் ஈரம் தெரிகிறதென்றால் அது கசிகிறது. இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் கியர் விழுகிறது, ஒரே மிதியில் விழவில்லை என்றால் லைனில் காற்று. இவை அத்தனையும் பெரிய வேலை அல்ல. ஆனால் சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டரே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து கியர் பாக்ஸ் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். உங்கள் வண்டி அந்த வகையா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது கசிந்தாலும் கியர் பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மீனும் உப்பும் ஏற்றுபவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் கேபிளின் உறைக்குள் புகுந்து துருவேற்றும். கேபிள் சிக்கிச் சிக்கி நகர்வதைப் பார்த்துவிட்டுப் பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அப்புறம், கியர் பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் சொட்டு எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்க்கின் (இன்ஜினின் சுழலும் தண்டு) பின் சீல், அதாவது எண்ணெயை அடைக்கும் வளையம், விட்டிருக்கிறது. கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில், கியர் பாக்ஸின் முன் சீல் விட்டிருக்கிறது. எந்தச் சீல் என்று முன்பே தெரிந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். இதைக் கவனிக்காமல் புது பிளேட் மட்டும் போட்டால், அதே எண்ணெய் புது பிளேட்டையும் நனைத்து, போட்ட பணம் முழுவதையும் வீணாக்கிவிடும்.

இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்

வண்டி காலியாக இருக்கும்போதே வழுக்குகிறது என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். பிளேட்டின் லைனிங் தேய்ந்து ரிவிட் தலைகள் ஃப்ளைவீலை உரச ஆரம்பித்துவிட்டால், பேசிங் போட்டு (லேத்தில் முகத்தைச் சீவிச் சமன் செய்து) சரிசெய்திருக்கக்கூடிய ஃப்ளைவீலை மாற்ற வேண்டிய நிலை வந்துவிடும். லோடோடு கரை ஏறும்போது மட்டும் வழுக்கினால், கையில் எடுத்த வாடகையைப் பாதி லோடில் முடித்துக் கொடுத்துவிட்டு அந்த வாரத்துக்குள் நிறுத்தலாம். வெறும் ரிலீஸ் பேரிங் சத்தம்தான், வேறெதுவும் இல்லை என்றால் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் அது இறுகிப்போனால் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தின்றுவிடும். ஆகவே தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு.

அந்தக் கொஞ்ச காலம் கையில் இருந்தால், எந்த மாதம் நிறுத்துவது என்று யோசியுங்கள். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் முடியும். சம்பாவும் தாளடியும் தையில் தொடங்கி மாசி, பங்குனி வரை இழுக்கும். அந்த நாட்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரிசையாக வண்டி ஓடும். உங்கள் வண்டி நின்றால் வாடகை மட்டும் போகாது, வாடிக்கையும் போகும். எனக்குப் பிடித்த காலம் மார்கழியின் முதல் பாதி. கல்யாணம், கிரகப்பிரவேசம் இல்லை, சம்பா இன்னும் கதிரில் நிற்கும், பட்டறையிலும் கூட்டம் குறைவு. மார்கழிக் கடைசி வாரம் வேண்டாம், பொங்கல் கரும்பும் வாழைத்தாரும் மஞ்சள் கொத்தும் ஏறத் தொடங்கிவிடும். ஆடியும் நல்ல மாதம்தான். சம்பா முடிந்து மேட்டூர் தண்ணீர் வரும் வரை இருக்கும் சித்திரை, வைகாசி இடைவெளியும் பரவாயில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் ஏற்றுபவர்களுக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று இல்லை. அவர்கள் இன்னொரு வண்டிக்காரரோடு பேசிவைத்து மாற்றி மாற்றி உதவிக்கொள்வதே வழி.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கப்புறம் வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். எப்படியும் வண்டி சில நாள் நிற்கப்போகிறது. கிளட்ச்சும் ஓய்வு கேட்கும் நிலையில் இருந்தால் இரண்டையும் ஒரே நிறுத்தத்தில் முடித்துவிடலாம்.

யாரிடம் கொடுப்பது

மூன்று வழி இருக்கிறது: கம்பெனி சர்வீஸ் சென்டர், நம்பிக்கையான உள்ளூர்ப் பட்டறை, சொந்தக் கை.

வண்டி வாரண்டியில் இருந்தால் கம்பெனிக்கே போங்கள். பிளேட் தேய்மானப் பொருள் என்று சொல்லி அதற்குப் பணம் கேட்பார்கள், அது வழக்கம்தான். ஆனால் சீல் கசிவோ சிலிண்டர் கோளாறோ காரணமாக இருந்தால் அதை வாரண்டியில் கேட்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் ஃப்ளைவீல் கூட்டைச் சுற்றி சென்சார்களும் ஒயர்களும் கூடுதல். அந்த வகையில் கை பழகாத பட்டறையில் முதல் சோதனை உங்கள் வண்டியாக இருக்க வேண்டாம். இரண்டு துண்டாக ஸ்பிரிங் வைத்துச் செய்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள வண்டிக்கும் இதே பேச்சுதான். அதைச் சாதாரண லேத்தில் பேசிங் போடக் கூடாது. காப்பீட்டில் கேட்கலாமா என்று சிலர் விசாரிப்பதுண்டு. தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் வண்டிக் காப்பீடு பணம் தராது.

வாரண்டி முடிந்த வண்டிக்கு, பெரும்பாலானவர்களுக்கு என் யோசனை உள்ளூர்ப் பட்டறைதான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் இதே மாடல் வண்டியில் பலமுறை கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றிய கை ஒன்று இருக்கும். உங்கள் வண்டி மாதிரியே வைத்திருக்கும் டிரைவர்களிடம் ஸ்டாண்டில் விசாரியுங்கள். "வேலை நல்லா செய்வாரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அவர் போட்ட கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு?" என்று கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். போய்ப் பட்டறையையும் ஒரு நோட்டம் விடுங்கள். கான்கிரீட் தரையா, கியர் பாக்ஸ் ஜாக் இருக்கிறதா, டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு முடுக்கும் ரெஞ்ச்) வைத்திருக்கிறாரா, கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் போட்டு வைக்கிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சொந்தமாகச் செய்வது பற்றி. ஆர்வம் இருப்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள். கியர் பாக்ஸ் ஒருவர் நெஞ்சில் வைத்துத் தாங்கும் எடை இல்லை. நம் ஊர்க் களிமண் தரையில் ஜாக் வைத்தால், காய்ந்து கல் போல இருக்கும் கோடையில்கூட, எடை ஏறியதும் ஒரு பக்கம் அமிழும். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்கூடப் படுக்கக் கூடாது. கான்கிரீட் தரை, நாலு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, உதவிக்குத் தெரிந்த ஆள் ஒருவர், இந்த நாலும் இல்லாமல் இறங்கவே வேண்டாம். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், மெக்கானிக்கிடம் கேட்டு, வேலை நடக்கும் நாள் முழுவதும் கூட நின்று பாருங்கள்.

எதையெல்லாம் மாற்றுவது

மொத்த வேலையிலும் பணம் போவதும் மிச்சமாவதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி, நீங்கள் ஒரு சாமான் மாற்றினாலும் ஆறு மாற்றினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே உள்ளே இருக்கும் எந்தச் சாமானைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது புது பிளேட்டின் ஆயுள் முழுக்கத் தாங்குமா? சந்தேகம் என்றால் இப்போதே மாற்றுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் இன்னொரு முறை கியர் பாக்ஸ் கூலி கொடுத்தவர்கள் எல்லா ஊர் ஸ்டாண்டிலும் இருக்கிறார்கள்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாகவே போக வேண்டும். பிரஷர் பிளேட் பார்க்க நன்றாக இருக்கிறது, பிளேட் மட்டும் போதும் என்று சொல்வார்கள். பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் சூட்டில் இளகியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. லோடு ஏற்றும் வண்டியில் அதை நம்பக் கூடாது. பழைய பிளேட்டில் புது லைனிங் அடித்துத் தருகிறேன், ரீகண்டிஷன் பிரஷர் பிளேட் இருக்கிறது என்பதெல்லாம் லோடு ஏற்றாத வண்டிக்கு ஒருவேளை சரிப்படும். நெல் ஏற்றும் வண்டிக்கு நான் ஒப்ப மாட்டேன்.

உங்கள் வண்டியில் பைலட் பேரிங் என்று ஒன்று இருந்தால், கிராங்க் நுனியில் உட்காரும் அந்தச் சின்னப் பேரிங்கைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். விலை குறைவு, தொல்லை பெரிது. கிராங்க் பின் சீலும் கியர் பாக்ஸ் முன் சீலும் அப்படித்தான். கசிவு தெரியாவிட்டாலும், நிறைய ஓடிய வண்டியில் இப்போதே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் முனை தேய்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் வண்டியில் கேபிளையும், ஹைட்ராலிக் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் கிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்லேவ் உள்ளேயே இருக்கும் வகை என்றால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

ஃப்ளைவீலை என்ன செய்வது என்பது திறந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். மினுமினுப்பு மட்டும் இருந்தால் எமரி தேய்த்தால் போதும். நீலத் திட்டு, கோடு, பள்ளம் இருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி பேசிங் போட வேண்டும். நகத்தால் தடவினால் மாட்டும் விரிசல் ஓடியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். சில ஃப்ளைவீல்களில் பிளேட் உட்காரும் தளமும் பிரஷர் பிளேட் முடுக்கும் ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்காது. அந்த வகையில் பேசிங் போடும்போது இரண்டு தளத்திலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எடுத்தால் புது கிளட்ச் முதல் நாளே சரியாகப் பிடிக்காது. லேத்காரருக்கு இதை மெக்கானிக் சொல்லி அனுப்பட்டும். ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ஸ்டார்ட்டர் பல் வளையத்தையும் அப்போதே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமானை வாங்குவது நீங்களாக இருங்கள், அல்லது மெக்கானிக்கோடு கூடவே போங்கள். வண்டிக் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவது, அல்லது வேலியோ, லுக், எக்ஸெடி, செட்கோ போன்ற கிளட்ச் தயாரிப்பாளர்களின் பெட்டியில் வருவது, இரண்டில் எதுவானாலும் சரி. வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயருள்ள பிக்கப்பில் வருடத்துக்கு வருடம் பிளேட்டின் விட்டமும் பல் எண்ணிக்கையும் மாறியிருக்கும். ஜி.எஸ்.டி. ரசீது வாங்காமல் வராதீர்கள். போலிச் சாமான் விற்பவர் ரசீது போடத் தயங்குவார்.

மெக்கானிக்கிடம் பேசி முடிப்பது

பேச்சை வேலைக்கு முன்பே முடியுங்கள், கூச்சம் வேண்டாம். இப்படிப் பேசலாம்:

"அண்ணே, இறக்கி ஏத்துற கூலி எவ்வளவு, லேத் கூலி தனியா, சீல் மாத்துறதுக்குத் தனிக் கூலி உண்டா, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. கியர் பாக்ஸ் இறங்குனதும் எனக்கு போன் பண்ணுங்க. நான் வந்து பாக்குற வரைக்கும் அடுத்த சாமான் எதுவும் வாங்க வேண்டாம். பழைய சாமான் எல்லாம் எனக்கு வேணும்."

நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். "வா தம்பி, நீயே வந்து பாரு" என்றுதான் சொல்வார். கோபப்படுபவர் என்றால், கியர் பாக்ஸ் இன்னும் வண்டியில்தானே இருக்கிறது, சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடலாம்.

எத்தனை நாள் என்றும் கேளுங்கள். பழகிய பட்டறையில் இது ஒரு நாள் வேலை, ஃப்ளைவீல் லேத்துக்குப் போனால் இரண்டாம் நாள் ஆகும். உப்புக் காற்றில் ஓடும் வண்டியாக இருந்தால் முந்தின நாளே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைக்கச் சொல்லுங்கள். துருவேறிய போல்ட் உடைந்தால் அரை நாள் அதிலேயே போய்விடும்.

வேலை நடக்கும் நாள்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். கியர் பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்துப் பறக்கவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே சரி.

இறக்கியதும் பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சீராகத் தேய்ந்திருந்தால் அது வாழ்ந்து முடித்த பிளேட், குறை ஒன்றும் இல்லை. கருகி, கண்ணாடி போலப் பளபளத்து, எரிந்த வாடை அடித்தால் ஓட்டும் முறையிலோ லோடிலோ தவறு இருக்கிறது. எண்ணெயில் ஊறியிருந்தால் சீல். நடு ஸ்பிரிங்குகள் உடைந்திருந்தால் கிளட்ச்சைச் சட்டென்று விடும் பழக்கம் அல்லது அளவுக்கு மீறிய லோடு. ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் போட விடாதீர்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் எண்ணெயைத் தின்னரில் துடைத்து எடுக்க வேண்டும். லைனிங்கில் கிரீஸ் கை படக் கூடாது. பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று எழுதியிருக்கும், திருப்பிப் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். பிளேட்டை நடுமையத்தில் நிறுத்த கைடு கம்பி போட்டுத்தான் பிரஷர் பிளேட்டை முடுக்க வேண்டும், அதுவும் எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் டார்க் ரெஞ்ச்சால். ஷாஃப்ட்டின் பல்லில் கிரீஸ் மெல்லிய பூச்சு போதும், அதிகமானால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் படும். கியர் பாக்ஸை ஏற்றும்போது ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்த நிலையில் அந்த எடையைத் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். கூடு கடைசி அங்குலம் சேரவில்லை என்று போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மையம் தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஹைட்ராலிக் லைனில் காற்று எடுக்கும்போது பழைய எண்ணெயை முழுவதும் வெளியேற்றிவிட்டு, டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையை, டாட் 3 என்றால் டாட் 3, டாட் 4 என்றால் டாட் 4, புது டப்பா உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். இறக்கும்போது வடிந்த கியர் ஆயிலின் அளவையும் பார்த்து நிரப்ப வேண்டும். இது மறந்துபோகிற விஷயம், நினைவூட்டுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழ வேண்டும், உதறல் கூடாது, பக்கத்தில் ஒரு ஆற்றுக்கரை இருந்தால் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புது கிளட்ச்சை வைத்து ஓட்டும்போது

முதல் 500 கிலோமீட்டர் முழு லோடு வேண்டாம், லைனிங் ஃப்ளைவீலோடு படிய வேண்டும்.

லோடு கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் மொத்த எடையும் வண்டியின் வெறும் எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1,300 கிலோ என்றால், ஓட்டுநரும் கூட வருபவரும் சேர்ந்து 130 கிலோ போக மிச்சம் 1,170. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஆக 29 மூட்டை. ஐம்பது மூட்டை ஏற்றினால் அது 2,000 கிலோ. ஒரு நடை மிச்சமாகும்தான், ஆனால் களத்து மண்ணிலிருந்து சாலைக்கு ஏறும் ஒவ்வொரு தடவையும் பிளேட் கருகும்.

சேற்றில் சிக்கினால் ஹாஃப் கிளட்ச்சில் நின்று உறுமாதீர்கள். ஒரு சில நிமிடத்தில் பல மாதத் தேய்மானம் நடந்துவிடும். பாதி மூட்டையை இறக்குங்கள், சக்கரத்தடியில் வைக்கோலோ பலகையோ போடுங்கள், அப்போதும் வரவில்லை என்றால் டிராக்டரைக் கூப்பிடுங்கள். கரைச் சரிவில் எதிரே வண்டி வந்து நிற்க நேர்ந்தால் கிளட்ச்சால் தாங்கி நிற்காமல் ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஓடும்போது இடது காலை மிதிமேல் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்தால் அவருக்கும் சொல்லி வையுங்கள்.

ஹைட்ராலிக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், ஏனென்றால் நம் ஊர் ஈரக்காற்றில் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு சிலிண்டரைத் துருவேற்றும். கிளட்ச் போட்ட தேதி, கிலோமீட்டர், பார்ட் எண், மெக்கானிக் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி ரசீதோடு வண்டியிலேயே வையுங்கள். அடுத்த தடவை வழுக்க ஆரம்பிக்கும்போது, இது வயசானதால் வந்ததா, வேறு கோளாறால் வந்ததா என்று அந்த நோட்டைப் பார்த்தே மெக்கானிக்கிடம் பேச்சைத் தொடங்கலாம்.